ஊதி எடுத்த காய்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பேய், ஆவி என்று கதைக்கிற ஆட்களை நான் வாசலுக்கு இந்தப் பக்கம் எடுத்ததே கிடையாது. என் மகள் சிபானா போனில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பாள், ஏதோ பழைய பலகை விளையாட்டைப் பற்றிய தொடர், அதன் படக்கதைப் புத்தகத்தையும் விடமாட்டாள். அதிலே செத்துப்போன ஆட்டக்காரி ஒருத்தி, யாராவது பிழையாக ஆடினால் மட்டும் பலகைக்குத் திரும்பி வருவாளாம். "அப்படி வாறதெண்டா உன்ட வாப்பா முதல்ல வந்து ஒழுகுற பைப்பைப் பூட்டிட்டுப் போகட்டும்" என்று சிரித்தவள் நான்.

என் புருசனுக்கு, தாம் என்கிற காய் வெட்டும் பலகை விளையாட்டென்றால் உயிர். மூதூர் இறங்குதுறையில், தன் கையால் கட்டம் கீறிய பலகையில் சோடா மூடிகளைக் காய்களாகப் பரப்பிக்கொண்டு குந்தியிருப்பார். எங்கள் பக்கத்து ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்டால், வெட்ட மறந்த அந்தக் காயை எதிராளி எடுத்துவிடலாம், ஆனால் வாயால் ஒரு ஊதல் ஊதித்தான் எடுக்க வேண்டும். அவருக்கு முன்பல் பாதி உடைந்தது, ஊதினால் கூடவே ஒரு விசில் வரும், இறங்குதுறையே சிரிக்கும். வீட்டில் நானும் மகளும் ஆடினாலோ, மனுசன் என் பின்னால் வந்து நிற்பார், தோளுக்கு மேலால் கை நீளும், என் காயை அவரே நகர்த்துவார். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு ஆட்டத்தை நான் தனியாக முடித்ததில்லை.

அவர் மௌத்தாகி, நான் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து வெளியே வந்தபோது பலகை அவருடைய தம்பி ஜாபிரிடம் இருந்தது. மகள் அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். நான் போய்க் கேட்டேன். அது இறங்குதுறைப் பலகை, ஆம்பிளைகள் ஆடுவது, தர ஏலாது என்றான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என்னை வென்றால் வைத்துக்கொள், தோற்றால் பலகை என் பிள்ளைக்கு என்று, அத்தனை பேரும் பார்த்திருக்க மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

பட்டப்பகல். பேய்க்கதை என்றால் இருட்டு வேண்டுமே என்று நினைப்பீர்கள், அதற்கு நான் என்ன செய்ய? பாதி ஆட்டத்தில் ஜாபிர் ஒரு காயை வெட்ட மறந்தான். உண்மையைச் சொன்னால் நானும் கவனிக்கவில்லை, வேறு காய்க்குக் கை நீட்டிவிட்டேன். அப்போது என் தோளுக்கு மேலால் ஒரு ஊதல், கூடவே அந்த விசில். ஜாபிரின் மூடி சறுக்கிப் போய் நிலத்தில் விழுந்தது. கச்சான் காற்று என்பீர்கள். பக்கத்து மூடி ஒன்றுகூட அசையவில்லை.

ஜாபிரின் முகத்தில் இரத்தம் இல்லை. "மதினி, இது காக்காட ஊதல்" என்றான், தன் அண்ணனைத்தான் சொன்னான். பலகையைக் கொண்டுபோங்கள் என்று எழும்பப் பார்த்தான்.

எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. செத்த பிறகுமா என் ஆட்டத்தை நீங்கள் ஆட வேண்டும்? நான் ஜாபிரை இருக்கச் சொன்னேன். மூடியைப் பொறுக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்:

"இஞ்சாருங்க, இது என்ட ஆட்டம். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இழுபட்டு இழுபட்டு, என் கையாலேயே ஜாபிரை வென்றேன். அவர் பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தாரே என்று, கடைசிக் காயை வெட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பலகை இப்போது எங்கள் வீட்டில். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானும் மகளும் ஆடுவோம். அவள் வெட்ட மறந்தால் நான் ஊதி எடுப்பேன். முதல்நாள் ஊதியபோதே அவள் என் வாயைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "உம்மா, வாப்பாட விசில்" என்றாள். சூடான தேத்தண்ணியை ஊதிப் பார்த்தேன், வரவில்லை. அடுப்பை ஊதிப் பார்த்தேன், வரவில்லை. அந்தப் பலகையில் காயை ஊதினால் மட்டும் வருகிறது. என் முன்பல் ஒன்றும் உடையவில்லை, வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.