கிழித்தபடியே தைத்த போர்வை

மன்னார்குடி கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது, குத்தகை வழக்குக்கு வரும் ஓர் அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து போர்வை தைப்பார். காய்ப்பேறிய விரல்கள், யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். நிலத்தை விட்டு விரட்டிய அன்று மிராசுதாரின் ஆட்கள் கிழித்தெறிந்த அவருடைய சேலைகளின் துண்டுகளைத்தான் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடச் சதுரமாக இல்லை.

“ஓரத்தை வெட்டிட்டுத் தைச்சா ஒழுங்கா வருமேம்மா” என்றேன்.

“எதுக்குங்க வெட்டணும்? அவனுங்க கிழிச்ச மாதிரியே இருக்கட்டும்.”

அன்றும் வாய்தாதான். மிராசுதார் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அம்மாள் போய்ப் போர்வையைக் காருக்கு முன்னால் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

“மேல ஏத்திட்டுப் போங்க” என்றார்.

டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். மிராசுதார் எவ்வளவு அதட்டியும் அம்மாள் அசையவில்லை. கடைசியில் மிராசுதார் இறங்கி நடந்தார்.

அப்போதும் அம்மாள் எழுந்திருக்கவில்லை. அவரை எழுப்ப எங்களில் யாருக்கும் துணிவும் இல்லை, மனமும் இல்லை.