யார் யார்? யாருக்கு அடுத்து யார்?

போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவனைத் தடுமாற வைக்க, 'எத்தனை வழிகளில்?' என்று முடிகிற ஒரு கேள்வி போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடத்தினேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவர்கள் ஒன்பது பேர். யாருக்கு அடுத்து யார் என்று பார்க்கும் வரிசை மாற்றமா, யார் யார் என்று மட்டும் பார்க்கும் சேர்வா என்று புரியாமல் பேனாவைக் கடித்த அன்பர்களே, நாமெல்லாம் ஒரே சாதி.

கையும் அட்டையும்

பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் கைகுலுக்கினால் நாற்பத்தைந்து. அதே பத்துப் பேர் ஒருவருக்கொருவர் வாழ்த்து அட்டை அனுப்பினால் தொண்ணூறு. ஏன் இரட்டிப்பு என்று நான் கரும்பலகை நிறைய எழுதியும் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த ஏகாம்பரத்துக்கு ஏறவில்லை. ஆவடியிலிருந்து வரும் ஸ்டெல்லா, நர்சரி பள்ளி டீச்சர், அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, கிறிஸ்துமஸுக்கு நான் அட்டை போட்டேன், நீங்க திருப்பிப் போடவே இல்ல. ஆனா நீங்க கை நீட்டாம நான் மட்டும் கைகுலுக்க முடியுமா?"

ஸ்டூடியோவில்

வகுப்பு நினைவாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளப் போனோம். என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். உயரமானவரைப் பின்னால் தள்ளி, கண்ணாடிக்காரரை ஓரம் கட்டி, ஸ்டூடியோக்காரர் எங்களை மாற்றி மாற்றி நிறுத்தினார். பத்துப் பேரையும் தேர்ந்தெடுக்க ஒரே வழிதான், ஆனால் வரிசையாக நிறுத்த முப்பத்தாறு லட்சத்துக்கும் மேலே வழி உண்டு என்றேன். நிமிஷத்துக்கு ஒன்றாக ராப்பகல் எடுத்தாலும் ஏறக்குறைய ஏழு வருஷம் ஆகும். சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் கேமராவை விட்டு நிமிர்ந்து எங்களையே பார்த்தார்.

"இன்னா சார், இத்தினி வருசமா நான் எட்த்த கல்யாண குரூப் போட்டோ ஒவ்வொண்ணும் லட்சத்துல ஒண்ணா?"

மூன்று பேர் போதும்

அடுத்த மாதம் ஏகாம்பரத்தின் கை மிஷினில் சிக்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் நிறையப் போய்விட்டது என்றார்கள். அவர் மனைவி சுவரில் சாய்ந்து, அழவும் தெம்பில்லாமல் நின்றாள். எங்களில் ஐந்து பேருக்கு அதே வகை ரத்தம். டாக்டர் மூன்று பேர் போதும் என்றதும், நான்தான் முதலில் என்று ஐந்து பேரும் முண்டினோம். "முதல், ரெண்டாவதுன்னு இதுல கிடையாது. யாராவது மூணு பேர் உள்ளே போங்க" என்று ஸ்டெல்லா அதட்டினாள். கைக்கு எட்டியவர்களை அவளே உள்ளே தள்ளினாள். அதில் நானும் ஒருவன்.

ஏகாம்பரம் பிழைத்தார். இரண்டு விரல்கள் போயின. பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"மூணு பேரு ரத்தமும் உள்ள ஒண்ணா கலந்துகினு ஓடுது சார். எது முன்னாடி, எது பின்னாடின்னு யாரால சொல்ல முடியும்? சேர்வுன்னா இன்னான்னு இப்பதான் புரிஞ்சுது."

இத்தனைக்கும் பிறகு, 'எத்தனை வழிகளில்?' என்ற கேள்வி வந்தால் நான் இன்னமும் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.