பிருடைக்கு விட்ட எண்ணெய்

மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவனுக்குக் காது ஒரு தினுசாகப் பழகிவிடும். கிறீச்சென்று சத்தம் வந்தால் பேரிங் போச்சு. ஓடாமல் உர்ரென்று உறுமினால் மூன்று பேஸ் லைனில் ஒன்றில் கரண்ட் வரவில்லை. சத்தம் என்றாலே கோளாறு, கிறீச்சிட்டால் எண்ணெய் விடு. நான் படித்த மொத்தப் படிப்பு இவ்வளவுதான். இந்த லட்சணத்தில் ஐம்பது வயதில் வயலின் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். வேண்டாம் என்று யாராவது தடுத்திருக்கலாம். தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோவிலில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று பங்குச்சாமியார் கூப்பிட்டிருந்தார். வேலைக்கு நடுவே பழைய துணி தேடி அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு நீளப் பெட்டி. பெட்டிக்குள் வயலின். கம்பி இரண்டு அறுந்து தொங்கியது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட சாமியார், "பிடிச்சா எடுத்துட்டுப் போங்க, இங்க சும்மாதான் கெடக்கு" என்றார். புதுக்கோட்டையில் ஒரு டீச்சர் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறார் என்று விசாரித்துச் சொன்னவரும் அவரே.

அது எப்படிச் சத்தம் போடுகிறது என்று பார்க்கும் ஆசை பாதி. மீதிப் பாதி என் மனைவி. அவள் எங்கள் கோவில் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவள். திருப்பலி தொடங்கும்போது பாடும் வருகைப் பாடலை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷன் ஆனது. உடம்பு தேறியபின் குழுவுக்குப் போனவள், அதே பாட்டின் உச்சியில் குரல் உடைந்து நின்றுவிட்டாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அன்றோடு சரி. கோவிலில் எல்லோரும் பாடும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த ஒரு பாட்டை நான் வாசிக்கப் பழகி வீட்டுக்குள்ளேயே வாசித்தால், கூடவே ஒரு வரியாவது பாடிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வில்லை எடுத்துக் கம்பிமேல் இழுத்தேன். சத்தமே இல்லை. கண்ணாடிமேல் துணி போட்டுத் துடைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வில்லின் முடியைத் தடவிப் பார்த்தேன். குதிரைவால் முடியாம். என் விரலில் இருந்த கிரீஸும் அதில் கொஞ்சம் ஏறியது. அப்புறம் சுத்தம்!

"முடியைத் தொட்டீங்களா சார்?" அடுத்த சனிக்கிழமை டீச்சர் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"லேசா."

"ஐயையோ! எண்ணெய் பட்டா அது பேசவே பேசாது. உரசுனாத்தான் சத்தம்."

பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியைக் காட்டினார். ரோசின். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுப்பதாம். அதை முடியில் தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூள் ஒட்டியது. இப்போது இழுத்தேன். பிராணன் போகிற மாதிரி ஒரு கத்தல் வந்தது. அங்கே இருந்த ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். முடி கம்பியைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. அந்தப் பிடியும் விடுதலும்தான் நாதமாம். உராய்வை ஒழித்தே பிழைப்பு நடத்தியவன் நான். உராய்வை விலை கொடுத்து வாங்கித் தடவுகிற ஒரு யந்திரம் உலகத்தில் இருக்கிறதே என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் அடிப்பக்கத்தைத் தோளில் சாய்த்து, தலைப்பக்கத்தை வலது குதிகாலில் நிறுத்த வேண்டும். முட்டி விட்டுப் போகும். விரல் வைக்கும் பலகையில் ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. ரி எங்கே இருக்கிறது, க எங்கே இருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஸ்கேல் வைத்து அளந்து பேனாவால் குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "காதால அளங்க சார்" என்றார் டீச்சர். காதால் அளந்தேன். ஒரு மயிரிழை தள்ளினால் அழுகிறது, ஒரு மயிரிழை கிட்டே வந்தால் பெட்டி முழுக்க அதிர்ந்து தோளில் குறுகுறுக்கிறது. அந்தக் குறுகுறுப்புக்காகவே பட்டறையைச் சீக்கிரம் பூட்ட ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "என்னண்ணே, வீட்டுலயும் பேரிங் மாத்துறீங்களா?" என்றார். என் மனைவி உள்ளேயிருந்து, "மாத்தவே மாட்டேங்குறாருங்க, அதான் கஷ்டமா இருக்கு" என்றாள். கிண்டலுக்குக் குறைச்சலே இல்லை.

ஆனால் பாட்டு மட்டும் அவளிடமிருந்து வரவில்லை. சரளி வரிசையோடு சேர்த்து, டீச்சர் உதவியால் அந்த வருகைப் பாடலையும் தட்டுத்தடுமாறி வாசிக்கப் பழகிவிட்டேன். முதல் வரியை எடுத்தாலே போதும், கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஒரு வரி கூடப் பாடேன். என்ன கொறஞ்சு போயிரும்?"

"அது எட்டாதுங்க. என் தொண்டை செத்துப்போச்சு. ஊருக்கு முன்னால அசிங்கப்பட்டது பத்தாதா, வீட்டுலயும் படணுமா?" என்றாள். நான் வில்லைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் மரம் ஊதுமல்லவா? கம்பியை முறுக்குகிற மர முளைகள், பிருடை என்பார் டீச்சர், நான்கும் இறுகிவிட்டன. சுருதி சேர்க்கத் திருகினால் கிறீச்சென்று கத்தின. கிறீச் என்று கேட்டதும் என் கை என்ன செய்யும்? தானாகவே எண்ணெய்க் குப்பிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய். ரோசினில் பட்ட பாடெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ! பிருடைகள் வெண்ணெய் மாதிரி சுற்றின. ஆகா, நம்ம தொழில் தொழில்தான் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தால் எல்லாக் கம்பியும் துவண்டு கிடந்தது. முறுக்கினேன், டர்ரென்று அவிழ்ந்தது. மறுபடி முறுக்கினேன், மறுபடி அவிழ்ந்தது. மரத்தின் பிடியில்தான் பிருடை நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. என்னையே நாலு வார்த்தை நன்றாகத் திட்டிக்கொண்டேன். டீச்சரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அழுத்திப் பிடித்து முறுக்கிப் பார்த்ததில் கம்பி கொஞ்சம் தளர்வாக இருந்தால் மட்டும் பிருடை அசையாமல் நின்றது. சரி, நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் சனியன் என்று நான்கு கம்பியையும் ஒன்றோடொன்று சுருதி சேர்த்துக்கொண்டேன். கனத்துப்போன தாழ்ந்த குரலில் வயலின் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் அந்தப் பாட்டை வாசித்தேன். இரண்டாவது வரியில் வயலினுக்குள் வேறு ஏதோ ஒலிக்கிற மாதிரி இருந்தது. என் வாசிப்பில் அவ்வளவு இனிமைக்கு வழியில்லையே என்று சந்தேகப்பட்டேன். அடுப்படியிலிருந்துதான் வந்தது. வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். வில்லை விடாமல் இழுத்தேன். அவள் உடைந்து நின்ற அந்த உச்சி வந்தது. நான்தான் தப்பான இடத்தில் விரலை வைத்தேன். அவள் ஏறி, அதைத் தொட்டு, சுளுவாக இறங்கி வந்துவிட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் மேல வைங்க, அங்கிட்டு" என்றாள் கீரையிலிருந்து தலை தூக்காமலே.

உச்சியைத் தொட்டுவிட்டது அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அதே பாட்டை வாசித்தேன். அவள் பாடினாள், ஒருநாள் வாய்விட்டே பாடினாள்.

சனிக்கிழமை டீச்சர் பிருடையைத் தொட்டதும் விரலை முகர்ந்து பார்த்தார். "சார், இது என்ன, தையல் மிஷினா?" அசடு வழிந்தேன். எண்ணெயை ஒற்றித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவித் திருகினார். கெட்டியாக நின்றது. போனில் சுருதி பார்த்துவிட்டு, "நம்ம வகுப்புல அஞ்சு கட்டைக்கு வாசிக்கிறோம். இது மூணு கட்டைக்கு எறங்கிருக்கு. ஏத்திரவா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, சுருதி இறங்கியதால்தான் அவளுக்கு அந்த உச்சி எட்டியிருக்கிறது. வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "ஏத்தாதீங்க டீச்சர்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

அவர் பிருடையிலிருந்து கையை எடுத்தார். "பாடுறவங்களுக்கு ஏத்த மாதிரிதான் சார் சுருதி வைக்கணும். கொரல் எறங்குனா அது போச்சுன்னா அர்த்தம்? உங்க குழுவுல கீபோர்டு இருக்குமே. அதுல ஒரு பட்டனை அமுக்குனாப் போதுமே, சுருதி எறங்கிரும். அவங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. குழுவில் இருந்தவர்கள் பாவம் என்றார்கள். டாக்டர் போகப் போகச் சரியாகும் என்றார். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற நானும், இவளுக்குத் தொண்டை போய்விட்டது என்று நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் விட்டது, சுருதி இறங்கியது, கீபோர்டு பட்டன், எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, கழுத்தில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு வருசமா என் கொரல் நல்லாத்தான் இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.