குரும்பலூர் மெஷினும் மச்சானின் மூக்கும்

இந்த வருடம், 2007 தவக்காலத்தில், ஒரு சனி ஞாயிறு திருச்சியிலிருந்து குரும்பலூர் போய், அங்கிருந்து அரியலூர் வழியாக ஏலாக்குறிச்சி போய்வந்தேன். குரும்பலூரில் போட்டோவை மரத்தில் செதுக்கித் தரும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து, இழப்பீடு கேட்பவர் சொல்வது நிஜமா என்று விசாரிக்கும் வேலையில் இருப்பவன். இருபது வருடமாக யார் எதைச் சொன்னாலும் பாதியைத்தான் நம்புவேன். டீக்கடையில் டீயில் என்ன கலந்திருக்கிறான் என்று யோசித்துக்கொண்டே குடிப்பவன்.

போன காரணம் என் அக்கா. ஏலாக்குறிச்சியில் மகள் ஸ்டெல்லாவின் வீட்டில் இருக்கிறாள். மச்சான் இறந்து மூன்று வருடமாகிறது. அவர் போன பிறகு சர்க்கரை நோய் அக்காவின் இரண்டு கண்களையும் பறித்துவிட்டது. பொங்கலுக்குப் போயிருந்தபோது, ஸ்டெல்லா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பீட்டரு, அவரு மொகம் மறந்துகிட்டே போவுதுடா. நெனச்சுப் பாத்தா மொத்தமா ஏதோ வருது, மூக்கு கண்ணுன்னு தனியா ஒன்னும் வர மாட்டேங்குது. சாமிக்கிட்ட கண்ணக் கேக்கல. இவர மறக்காம இருந்தா போதும்."

திருச்சிக்கு வந்தும் அந்தப் பேச்சு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுச் சுவரில் ஒரு மரப்பலகையைப் பார்த்தேன். அவர் குழந்தையின் முகம் அதில் செதுக்கியிருந்தது. ஆசாரி வேலையா என்று கேட்டேன். இல்லை, குரும்பலூரில் ஒருவரிடம் போட்டோவைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் வழியாக மெஷினே செதுக்கிவிடும் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் மேடும் பள்ளமுமாக இருந்த அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் அக்காவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் பெரம்பலூருக்கு ஒன்றரை மணி நேரம். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். பெரம்பலூரிலிருந்து துறையூர் ரோட்டில் டவுன் பஸ், அரை மணிக்குள் குரும்பலூர். இறங்கி, மரத்தில் போட்டோ செதுக்கும் குமரவேல் என்று விசாரித்தால் யாரும் சொல்வார்கள். நான் மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் ஒரே வழியைச் சொன்ன பிறகுதான் நடந்தேன்.

குமரவேல் வைத்திருப்பது ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வயது முப்பது இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பின்னறையில் ஒரு மேசை அகலத்துக்கு அந்த மெஷின். தானே செய்தது என்று பெருமையடித்துக்கொண்டார். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார், மேசை டிராயருக்குப் போடும் சேனல், பிளைவுட் சட்டம். நடுவில் மரம் குடையும் கை மெஷின், ஊசி முனை கீழே பார்க்கத் தொங்கியது. இதுவா முகத்தைச் செதுக்கும்? எங்கேயோ ஒரு சிற்பியிடம் கொடுத்து வாங்கி, மெஷின் செய்ததாகக் கணக்குக் காட்டுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"வெறும் பலகையிலேருந்து ஆரம்பிங்க தம்பி. நான் உக்காந்து பாக்குறேன்" என்றேன்.

"அஞ்சு மணி நேரம் ஆவும் சார். மெஷின் போடுற சத்தத்துல காது போயிரும். போயி சாப்ட்டுட்டு டவுன்ல ஒரு படம் பாத்துட்டு வாங்க."

படத்துக்குப் போகச் சொன்னதும் சந்தேகம் இரட்டிப்பானது. அவர் எடுத்து வைத்த பூவரசம் பலகையின் பின்பக்கம் பேனாவால் என் கையெழுத்தைப் போட்டேன். குமரவேல் முகம் சுருங்கிவிட்டது. சற்று நேரத்தில் வாசலுக்குப் போய் செல்போனில், "அவருக்கு ஒன்னும் தெரியாதுண்ணே, சாயங்காலத்துக்குள்ள மாத்திப்புடலாம்" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான், நாற்காலியை மெஷின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அது அவருடைய மாமனாரின் மொபெட் டயரைப் பற்றிய பேச்சு என்று பிற்பகலில் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் நாற்காலியை நகர்த்தவில்லை.

அந்த மாமனாரின் முகத்தையும் அவர் செதுக்கிச் சுவரில் மாட்டியிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றித் தரச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தடவினேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டைக் காலர் மூக்கைவிட உயரமாக இருந்தது. மீசை இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் ஓடியது. நெற்றியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு.

"தம்பி, கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க. இதுவா உங்க மாமனாரு?"

அவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "சார், கம்ப்யூட்டருக்கு மூக்கு, காதுன்னு எதும் தெரியாது. போட்டோவுல வெள்ளையா இருக்குற எடத்த மேடா வுடும், கறுப்ப ஆழமா தோண்டும். சட்ட வெள்ள, அதான் மேடு. மீச கறுப்பு, பள்ளம். நெத்தியில பிளாஷ் அடிச்சிருக்கு, அது குன்று. இது பாக்குறதுக்குச் செய்யிறது சார். தடவுறதுக்கு இல்ல."

"எங்க அக்காவுக்குப் பாக்க கண்ணு இல்லப்பா."

அப்போதுதான் விஷயத்தையே சொன்னேன். அதுவரை எதற்காக வந்தேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் ஏமாற்றச் சுலபம் என்ற பழக்கதோஷம். குமரவேல் பேச்சை நிறுத்தி, நான் கொண்டுபோயிருந்த போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஸ்டெல்லா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கறுத்த முகம், அடர்ந்த மீசை, நேராகக் கேமராவைப் பார்க்கிறார் மச்சான்.

"இத அப்படியே போட்டா அக்காவுக்கு இவரு ஒரு பள்ளமாதான் தெரிவாரு. மேடு பள்ளத்த நாமளே வரஞ்சு குடுக்கணும். நீங்க சொல்லுங்க, நான் போடுறேன். மூக்கு எவ்வளவு ஒசரம்? நடுவுல மேடு உண்டா? தாடை முன்னால வருமா?"

கம்ப்யூட்டர் திரையில் மூக்கை வெளுப்பாக்கி, கண்குழியைக் கறுப்பாக்கி, மீசையை மேலே தூக்கி, அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் டக் டக்கென்று பதில் சொன்னேன். இருபத்தைந்து வருடம் பழகிய முகம், எனக்குத் தெரியாதா? என் வேலையில் யாராவது இவ்வளவு உறுதியாகச் சாட்சி சொன்னால் உடனே சந்தேகப்படுவேன். அன்றைக்கு என் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மெஷின் ஓட ஆரம்பித்தது. தறியில் நூல் ஓடுவது போல ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து, ஒவ்வொரு வரியாக இறங்கியது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி. மரத்தூள் என் சட்டையெல்லாம். சாப்பாட்டுக்கும் எழுந்து போகவில்லை. குமரவேல் வீட்டிலிருந்து வந்த புளிச்சோற்றை, அவர் முதலில் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. முகம் முழுவதும் வந்தபோது, ஒத்துக்கொள்கிறேன், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். மச்சான் பலகைக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி இருந்தார்.

கன்னத்தில் மட்டும் ஊசி போன தடம் வரிவரியாகச் சொரசொரத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

"வுட்டுடலாம் சார், கைக்கு ஒரு பிடிப்பு இருக்கும்" என்றார் குமரவேல்.

வேலையை முடிக்கச் சோம்பல்படுகிறார் என்று நினைத்து, நானே வாங்கித் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது.

பெரம்பலூர் திரும்பி அரியலூர் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் ஆகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் முன்னால் போனால் அதற்கும் மேலே. ஜன்னலோரம் உட்காராதீர்கள், இறங்கும்போது தலை வெளுத்துவிடும். அரியலூரை ஒருமுறை தனி மாவட்டமாக்கி, பிறகு பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடி பிரிப்பார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சத்தியம் செய்தார். அதையும் நான் நம்பவில்லை. பேருந்து நிலையத்தின் அருகே ஒரு லாட்ஜில் தங்கினேன். தாழ்ப்பாள் ஆடியது, அதனால் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை ஏலாக்குறிச்சி பஸ்ஸில் நல்ல கூட்டம், எல்லாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். திருமானூர் வழியாகப் போனது. பலகையைத் துணியில் சுற்றி மடியில் நிறுத்தியிருந்தேன். ஒரு குலுக்கலில் துணி விலகியது. பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, நான் சுதாரிப்பதற்குள் மச்சானின் நெற்றியைத் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

"வேண்டுதலா தம்பி? எந்தப் புனிதருங்க, சூசையப்பரா?"

"இல்லீங்கம்மா. எங்க மச்சான்."

அந்த அம்மா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, "அதனால என்ன, நல்ல மொகம்" என்று துணியை அவரே மூடிவிட்டார்.

வீட்டில் ஸ்டெல்லா துணியைப் பிரித்ததும், "அப்பா அப்படியே இருக்காரு மாமா" என்று அழுதுவிட்டாள். நான் பலகையை அக்காவின் மடியில் வைத்தேன். அவள் இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் தலைமுடியில் தொடங்கினாள். நெற்றி, புருவம், மூக்கு. மூக்கில் விரல் நின்றது. மேலே போய் மறுபடி இறங்கியது. கன்னத்தைத் தடவினாள்.

"இது அவரில்ல" என்றாள்.

முதலில் குமரவேல் மேல்தான் கோபம் வந்தது, மாற்றிவிட்டானோ என்று பலகையைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது. அதற்குள் அக்கா கையை நீட்டி என் முகத்தைத் தேடிப் பிடித்து, மூக்கைத் தடவினாள்.

"டேய், இது உன் மூக்குடா! அவரு மூக்கு இப்படி நேரா இருக்காது. டீசல் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணச் சுத்துறப்ப ஹேண்டில் எதுத்து அடிச்சு, நடுவுல ஒரு முடிச்சு. அதுலேருந்து எடப்பக்கமா லேசா சாஞ்சிருக்கும். காதப் பாரு, அவருக்கு மடலு கன்னத்தோட ஒட்டுனாப்புல இருக்கும். இந்தக் கன்னம் என்னடா இம்புட்டு வழுவழுன்னு? ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும்தான் சவரம் பண்ணுவாரு. மத்த நாளெல்லாம் தேங்கா நாரு. தாடையில பள்ளமா போட்டிருக்க? அவருக்கு ஏதுடா பள்ளம்?"

சொல்லிக்கொண்டே போனவள் திடீரென்று நிறுத்தினாள். விரல் பலகையிலேயே இருந்தது. கண்ணில் நீர் வழிய, முகம் முழுவதும் சிரிப்பு.

"பீட்டரு, எனக்கு மறக்கலடா."

இனி போகிறவர்களுக்கு. குமரவேலின் மெஷினை நம்பலாம். இதை எழுத எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், வேலைக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும். சுவரில் மாட்டுவதற்கென்றால் ஒரு நல்ல போட்டோ போதும். தொட்டுப் பார்ப்பதற்கென்றால் பக்கவாட்டில் எடுத்த படமும் வேண்டும். உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களை இப்போதே பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதுவரை அவர்களைப் பக்கவாட்டில் பார்த்ததே இல்லை என்பது எடுக்கும்போதுதான் தெரியும்.

அடுத்த மாதம் குமரவேலிடம் சொல்லி, மூக்கையும் காதையும் திருத்தி வேறொரு பலகை செய்து வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தப் பலகையை எடுத்து அவர்கள் மடியில் வைத்து, எது எது தப்பு என்று விரலால் தொட்டுத் தொட்டு மச்சானைச் சொல்கிறாளாம். ஸ்டெல்லா போனில் சொன்னாள். நான் அக்காவிடமே கேட்டேன், சரியானது ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று.

"சரியா செஞ்சு குடுத்துட்டா நான் எதடா சொல்றது?" என்றாள்.