வாய் திறக்காத பாலம்

பிழைக்க வந்தவர்களுக்குப் பதினோரு வருஷமாக இந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறாள் டீச்சர். கைப்பையில் சாவி இல்லாத நாள் உண்டு, தலைவலி மாத்திரை இல்லாத நாள் கிடையாது. எல்லாம் மாணவர்கள் புண்ணியம். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வரும் கொத்தனார், தச்சர், தையல்காரம்மா. இலக்கணம் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி. கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அட்டையும் ஸ்ட்ராவும் டேப்பும் வாங்கி வந்தாள்.

"மூணு பேரும் சேர்ந்து ஒரு பாலம் கட்டணும். பேசிப் பேசிக் கட்டணும், புரியுதா?"

யாரிடம் போய் அழ! கொத்தனார் புருவத்தைத் தூக்கினார்; தச்சர் அட்டையை வெட்டினார்; தையல்காரம்மா டேப்பைக் கிழித்து நீட்டினார். எட்டே நிமிடத்தில் பாலம் தயார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை? ம்ஹூம். வேலை செய்யும்போது பேசினால் மேஸ்திரி கத்துவார் என்று பழகியவர்கள். ஒரு மாதமாக இதே கூத்து.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மாணவர்கள் பேசினால் வகுப்பு நீடிக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

"தயவுசெஞ்சு இன்னைக்காவது வாயைத் திறங்க," என்று டீச்சர் காதோடு கெஞ்சினாள்.

"கவலையே படாதீங்க டீச்சர். சூப்பரா கட்டிடலாம்," என்றார் கொத்தனார், தன் சொந்த மொழியில்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் இருந்ததையெல்லாம் வாரித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "யாரும் தொடக்கூடாது! நானே கட்டுறேன். எப்படின்னு இந்த ஊர் மொழியில சொல்லுங்க."

முதல் தூணே சாய்ந்து நின்றது. தச்சர் நெளிந்தார். இரண்டாவது தூண் வைக்காமலே அவள் மேல்தளத்தைத் தூக்க, கொத்தனார் எழுந்தே விட்டார். அவர் வாயிலிருந்து ஊர் மொழி கொட்டியது. "இல்லை! முதல்ல கால்! மேலே பிறகு!" தச்சரும் அதே மொழியில், "இடது! இன்னும் இடது!" என்றார். தையல்காரம்மா, "அவ்வளவு டேப் எதுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாதி வினைச்சொல் தப்பு. ஆனால் அரைமணி நேரம் மூவரும் ஓயவே இல்லை.

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, வகுப்பு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களைப் பேச வைக்கணும்னு வேணும்னே எவ்வளவு கோணலா கட்டினீங்க டீச்சர்! என்னமா நடிச்சீங்க!"

டீச்சர் பாலத்தைப் பார்த்தாள். அவள் உயிரைக் கொடுத்துக் கட்டியது அது.