இடது முட்டி

பொங்கல் கபடியின் இறுதி ஆட்டம். கீழ்க்கட்டளை அணியின் பச்சை பனியனோடு எங்கள் முடிச்சூர் மைதானத்தில் இறங்கியவன், குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆறு வருடம் எங்களுக்கு ஆடியபோதும் அப்படித்தான் ஒற்றிக்கொள்வான். அன்று மட்டும் அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிளில் தண்ணீர் கேன் போட்டு ஆரம்பித்து, இன்று ஆறு டேங்கர் லாரிக்கு முதலாளி. அந்த மைதானத்தைச் சமன் செய்தது நான் அனுப்பிய பொக்லைன். புழுதியை அடக்கியது என் தண்ணீர். அணியே என்னுடையது என்றுதான் ஊரில் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்வார்கள். அவன் கொத்தனார் மகன். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் ரெய்டு போகிறான் என்றால் என் டிரைவர்கள் லாரியை ஓரங்கட்டிவிட்டு டேங்க் மேல் ஏறி நின்றுவிடுவார்கள். மேடவாக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் தண்ணீருக்காகப் போன் அடித்துக்கொண்டே கிடப்பார்கள். நான் ஒரு நாளும் திட்டியதில்லை.

ஒரு முறை அவனுக்கு இடது முட்டி பிசகியது. நானே பைக்கில் வைத்துக் கட்டுப் போடக் கூட்டிப்போனேன். "இன்னொரு தபா திரும்புச்சுன்னா ஆட்டம் அவ்ளோதான்" என்றார் வைத்தியர். எதிரணிக்குத் தெரியக் கூடாதென்று, அவனுக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொல்லிவைத்தோம்.

அவன் நிரந்தரமாக ஒரு வேலை கேட்டுக்கொண்டே இருந்தான். "நீ ஆடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கீழ்க்கட்டளைக்காரர்கள் தங்களுக்கு ஆடினால் போதுமென்று ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். "பொண்ணு வூட்ல இன்னா வேலைன்னு கேக்குறாங்கண்ணா" என்று என் முன்னால் வந்து நின்றான். போ என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தன்று அவனுடைய முதல் ரெய்டிலேயே எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவுட். பழக்க தோஷத்தில் எங்கள் கூட்டத்திலிருந்தே விசில் பறந்தது. கை தட்டிய டீக்கடை அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வெட்கம்தான் வசவாக மாறியது. "எங்க சோத்த துன்னுட்டு அங்க போயி ஏப்பம் வுடுறியாடா!" அவனை அணுஅணுவாக ரசித்தவர்கள் இல்லையா, அவன் அசைவெல்லாம் அத்துப்படி. "காதைத் தொட்டுட்டான், தாவப் போறான்!" என்று எங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியும் நழுவிக்கொண்டே இருந்தான்.

கடைசி ரெய்டு. ஒரு புள்ளிதான் எங்களுக்கு அதிகம். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"இடது முட்டி! இடது முட்டிய புடிங்கடா!"

ஏன் கத்துகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. பாடிக்கொண்டிருந்தவன் மூச்சை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியில் இரண்டு பேர் காலில் விழுந்து முறுக்கினார்கள். சத்தம் என் நாற்காலி வரைக்கும் கேட்டது. அடுத்து ஆயிரம் வாலாதான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைத் தாண்டும்போது, "ஜெயிச்சிட்டல்லண்ணா?" என்றான்.

"உன்ன யார்ரா அந்தப் பக்கம் போகச் சொன்னது?" என்றேன்.

ஆட முடியாதவனுக்குக் கம்பெனியில் வேலை இல்லை. பெண் வீட்டாரும் விலகிக்கொண்டார்கள். இப்போது மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டுக்கு வாட்ச்மேன். என் லாரிக்குக் கேட்டைத் திறக்க, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறான் என்று டிரைவர் சொன்னான். அந்த அபார்ட்மென்டுக்கு மட்டும் நான் போவதில்லை.

ஊர் அந்தக் கூச்சலை விடவில்லை. இப்போது எங்கள் பையன் எவன் ரெய்டு போனாலும் கூட்டம் "இடது முட்டி! இடது முட்டி!" என்று தாளம் போட்டு உற்சாகப்படுத்துகிறது. புது பனியனின் முதுகிலும் அச்சடித்திருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது ஒரு மனிதனின் முட்டி என்பதே தெரியாது. போன பொங்கலுக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் சேர்ந்து கத்த வேண்டும் என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கத்தினேன்.