டயாலிசிஸ் வார்டில் ஒரு கறுப்பு மலை

வாஸ்துக்காரர் வந்துபோன மறுநாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "டயாலிசிஸ் வார்டுல மலைப் படம் கிழக்குச் செவுத்துல இருக்குதுங்க. பாரமெல்லாம் கன்னி மூலையிலதான் இருக்கோணுமாம். மாத்திப் போட்டுருங்க." துடியலூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக எனக்கு அது கடைசி வருஷம். முட்டி தேய்ந்துவிட்டது, ஏணியைப் பார்த்தாலே அலுப்பாக வரும்.

அந்தப் படம் யாருக்கும் பிடிக்காது. பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த மரச்செதுக்கு அச்சு. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. மலை முழுக்கக் கறுப்பு. சரிவெல்லாம் உளி கீறின வெள்ளைக் கோடுகள். முன்னால் ஒற்றை மரம் காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும். எனக்கும் வெறும் கரியாகத்தான் தெரிந்தது. கழற்றி, கட்டில்களுக்குப் பின்னால், கன்னி மூலை என்கிற தென்மேற்கு மூலையில் மாட்டினேன். பழைய இடத்தில் ஏரியும் அன்னமும் போட்ட ஃப்ளெக்ஸ்.

செவ்வாய்க்கிழமை ராஜாமணியம்மா வந்தார். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டியவர். வாரம் இரண்டு முறை, நாலு மணி நேரம், கையில் ஊசியோடு அந்தச் சுவருக்கு எதிரே படுத்திருப்பார். போதும், இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதாக நர்ஸ் சொல்லியிருந்தார்.

அன்று என்னைக் கூப்பிட்டார். சத்தமெல்லாம் போடவில்லை.

"ஏனுங்க, அந்த மலைய எங்கீங்க கொண்டு போனீங்க? அது என்னையாட்டமே கீறல் வாங்கிட்டு நிக்குதுங்க. இந்த அன்னத்தப் பாத்துட்டு நாலு மணி நேரம் படுத்துக் கெடக்க முடியாதுங்க. இனி நான் வர்லீங்க, உட்டுருங்க."

டயாலிசிஸ் நின்றால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் யாருக்குத் தெரியாது?

சாயங்காலம் வார்டு காலியானதும் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டு, மலைப் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். முட்டி தாங்கவில்லை, ராஜாமணியம்மாவின் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டேன். அட, ஏணியில் நின்று பார்த்த அதே படமா இது? படுத்துக்கொண்டு பார்த்தால் கோடெல்லாம் ஒன்றுசேர்ந்து மலை மூச்சு வாங்குகிறது. வானத்தில் பலகையின் ரேகை அப்படியே பதிந்து மழைக்காற்றாக ஓடுகிறது. அந்த மரம் முறியாமல் எப்படித்தான் நிற்கிறதோ! புதிதாக மெயின்டனன்ஸுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வார்டில் ஆணி அடிக்கும் முன், எதிர்க் கட்டிலில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்.

மேனேஜருக்குப் பாரம்தானே வேண்டும்? ரிப்பேராகிக் கிடந்த பழைய டயாலிசிஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டுபோய்க் கன்னி மூலையில் நிறுத்தினேன். இதைவிடப் பாரம் இந்த வார்டில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். வாஸ்துக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, சரி என்று விட்டுவிட்டார்.

ராஜாமணியம்மா வீட்டுக்கு நானே போன் செய்து, மலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்றேன். வெள்ளிக்கிழமை வந்தார். நாலு மணி நேரமும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளம்பும்போதுதான் சொன்னார்:

"செவ்வாக்கிழமை வாரேனுங்க. அந்த மரத்துல இன்னும் பாதிதான் பாத்திருக்கேன்."